தெற்குக் குட்டையின் பெயர்

ஜெனிஃபர் படியேறி வந்தபோது, அவருடைய தோள்பையில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயர்தான் இளவரசுவின் கண்ணில் முதலில் பட்டது. கெடிலம் கண்ட்ரோல்ஸ், திருப்பாதிரிப்புலியூர். போன வருஷம் அந்தப் பெயருக்காக அவன் புதுச் சட்டை எடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போயிருந்தான். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தலைமை இன்ஜினியர் வேலை சத்யப்பிரியா என்கிற ஒருத்திக்குப் போய்விட்டது என்று பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியின் பெயர் காதில் விழுந்தாலே அவனுக்கு வயிறு எரியும்.

சிதம்பரம் கீழ வீதியில் இருந்த அந்த மாடி அலுவலகம் வியாகுலமேரியுடையது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக இழப்பை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கிற சர்வேயர் அவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, காற்றில் சாய்ந்த முந்திரித் தோப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நிதானத்தோடு பார்ப்பார். ஐம்பதைத் தாண்டியவர், அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்ட விவகாரம் வந்தால் இளவரசுதான் அவருக்குக் கண்ணும் கையும். அந்த வேலையை அவன் ஆசையாகத்தான் செய்துவந்தான். ஆனாலும் கிடைக்காத வேலை கிடைத்த வேலையைவிடப் பெரிதாகத் தெரியாத மனுஷன் உண்டா?

ஜெனிஃபர் உட்காருவதற்கு முன்பே விஷயத்தை ஆரம்பித்துவிட்டார். அவருடைய கம்பெனி இறால் பண்ணைகளுக்கு ஒரு காவல் பெட்டி செய்து கொடுக்கிறது. கிள்ளைப் பக்கம் சுப்பராயலு என்பவருக்கு வடக்குக் குட்டை, தெற்குக் குட்டை என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அளக்கிற சென்சார் ஒன்று. அளவு குறைந்தால், தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றுகிற அந்தக் குட்டையின் ஏரேட்டரைப் பெட்டியே ஓடவிடும். வியாழக்கிழமை விடியற்காலையில் தெற்குக் குட்டையில் ஆக்சிஜன் குறைந்தது. பெட்டி ஓடவிட்டதோ வடக்குக் குட்டையின் ஏரேட்டரை. விடிந்து பார்த்தால் தெற்குக் குட்டை இறால் மொத்தமும் செத்துக் கிடந்தது.

பெட்டி எப்படி ஆளை மாற்றி அடித்தது என்று வியாகுலமேரி கேட்டார். இளவரசு முந்திக்கொண்டு விளக்கினான். ஒரு கம்ப்யூட்டருக்குத் தன்னோடு எந்தெந்தப் பாகம் இணைந்திருக்கிறது என்று தானாகத் தெரிந்துவிடாது. இந்த முகவரியில் இருப்பது ஆக்சிஜன் சென்சார், இன்ன மாடல், இன்ன குட்டையைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரிட்டு ஒரு விவரக் கோப்பு எழுதித்தர வேண்டும். இயங்குதளம் அதைப் படித்துத்தான் அதை இயக்க எந்த டிரைவர் புரோகிராமைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும். எழுதியது தப்பாக இருந்தால், எதிர்த்துக் கேட்காமல் தப்பையே நம்பும்.

"அதேதான்," என்றார் ஜெனிஃபர். "கிள்ளைப் பெட்டியில இருக்கிற கோப்புல வடக்கும் தெற்கும் மாறியிருக்குது. போன சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல சத்யப்பிரியாவோட கம்ப்யூட்டர்லருந்து, கோப்பு அனுப்புறதுக்கான அவுங்க டிஜிட்டல் சாவியில போயிருக்குது. அந்தச் சாவி அவுங்க ஒருத்தர்கிட்டதான். ஆனா நான் எழுதலன்னு சொல்றாங்க."

இறால் பண்ணையாளர் சங்கம் இந்தப் பெட்டியையே தன் உறுப்பினர் எல்லாருக்கும் வாங்குவதாக இருந்தது. தப்பு செய்தவர் யார் என்று இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது என்றுவிட்டார்கள். சத்யப்பிரியாவை வேலையைவிட்டு அனுப்புவதென்று ஜெனிஃபர் மனத்தளவில் முடிவு செய்திருந்தார். சர்வேயரின் அறிக்கையிலும் அவள் பெயரே வந்துவிட்டால் இந்தத் தொழிலில் வேறு யாரும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அதை நினைத்தபோது இளவரசுவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதற்காக வெட்கப்படவும் தோன்றவில்லை.

ஜெனிஃபர் அப்போதுதான் அவனை அடையாளம் கண்டுகொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர்தானே என்று கேட்டார். அவன் தலையாட்டினான். வியாகுலமேரி அவன் பக்கம் திரும்பி, இந்த விவகாரத்தில் அவன் வர வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வருவதாகச் சொன்னான். வராமல் இருக்க அவனால் முடியாது. அவள் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கிள்ளையில் சுப்பராயலு கரைமேல் காத்திருந்தார். செத்த இறாலை அள்ளிப் புதைத்தாகிவிட்டது. நாற்றம் மட்டும் போகவில்லை. வியாகுலமேரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சென்சார் கேபிள் இரண்டும் வந்து சேருகிற டப்பா, கரையைத் தாண்டிச் சேற்றுக்குள் நட்ட கம்பத்தில் இருந்தது. இந்தக் கம்பத்தை யார் நட்டது, எப்போது நட்டது என்று விசாரித்தார்.

பழைய கம்பம் சாய்ந்துவிட்டதால், சனிக்கிழமை காலையில் பாலகுமார் வந்து புதுசு நட்டு, கேபிளைத் திரும்ப மாட்டினான் என்று சுப்பராயலு சொன்னார். கெடிலத்தில் வெளிவேலை பார்க்கிற பையன் அவன். அதன் பிறகு புதன்கிழமை மத்தியானம் சென்சாரைக் கழுவ சத்யப்பிரியா வந்திருக்கிறாள்.

"கேபிள் ரெண்டும் மாறிக் கெடக்குதுன்னு சொல்லுச்சு மேடம். தெக்குல வர்றதுக்கு செவப்பு டேப்பு சுத்தியிருக்கும், அத வெச்சுக் கண்டுபுடிச்சுது. இடுப்பளவு சேத்துல எறங்கி, ரெண்டையும் புடுங்கி மாத்தி மாட்டிட்டுப் போச்சு. மறுநா விடிகாலையில என் பொழப்பே போச்சு. அந்தப் பொண்ணு கைய வெக்காம இருந்திருந்தா எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அன்னிக்கு சரி பார்க்கலையா?" என்று கேட்டார் வியாகுலமேரி.

பார்த்தாளாம். ஆனால் உச்சி வெயிலில் இரண்டு குட்டையிலும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். மாறியிருந்தாலும் தெரியாது என்று இளவரசுவே சொன்னான்.

அதற்குள் அவன் பெட்டியைத் திறந்து லேப்டாப்பை மாட்டியிருந்தான். விவரக் கோப்பு சத்யப்பிரியாவின் முறைப்படியே இருந்தது. பாகத்தின் பெயர் என்றால் அது என்ன பொருள், எந்த முகவரி, அவ்வளவுதான். எந்தக் குட்டைக்கு என்பது கீழே தனி வரியில். இன்டர்வியூவில் அவனைத் தோற்கடித்த முறை அது. சென்சாருக்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேட்டதற்கு, அது இருக்கிற இடத்தின் பெயரைத்தான் என்று அவன் சொன்னான். அதே கேள்விக்கு, இடம் நாளைக்கு மாறும், பொருள் மாறாது என்று அவள் சொன்னாளாம். அந்தப் பதில் நினைவுக்கு வரும்போதெல்லாம் அது சரியான பதில் என்பதுதான் அவனை அதிகம் குத்தும்.

மாற்றி எழுதிய அந்த இரண்டு சென்சார் பகுதிகள் மட்டும் அப்படி இல்லை. பாகத்தின் பெயரே ‘வடக்குக் குட்டை சென்சார்’, ‘தெற்குக் குட்டை சென்சார்’ என்று இருந்தது. அவன் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பானோ அப்படியே.

பிறகு பெட்டியின் பதிவுகளைப் புரட்டினான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் விடியற்காலைகளில் ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது; ஏரேட்டர் ஓடியிருக்கிறது; ஓடியதும் அளவு ஏறியிருக்கிறது. வியாழன் அன்று மட்டும் ஏரேட்டர் ஓட ஓட அளவு இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. இளவரசு அதை மறுபடியும் பார்த்தான். அவளாக இருக்க முடியாது என்பது சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் அவனுக்கு வந்தது ஏமாற்றம்தான். பந்தியில் உட்கார்ந்தபிறகு இலையை எடுத்துக்கொண்டு போனால் வருமே, அந்த மாதிரி ஏமாற்றம்.

"ஏதாவது கெடச்சுதா?" என்று வியாகுலமேரி கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம்," என்று சொல்லி லேப்டாப்பை மூடினான்.

அவர் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கால் சேற்றைக் கழுவப் போய்விட்டார்.

கடலூர் வருகிறவரை காரில் அவன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டே வந்தான். பொய் சொல்லவில்லை, பெருசா என்றுதான் சொன்னான். யாரும் பதிவைப் பற்றிக் குறிப்பாகக் கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரியாயிற்றே, அவளே கண்டுபிடித்துத் தப்பித்துக்கொள்ளட்டும். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கியும் அவனுக்கு நிம்மதி மட்டும் வரவில்லை.

கெடிலம் கண்ட்ரோல்ஸ், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது. சத்யப்பிரியாவை அவன் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஸ்ரீமுஷ்ணத்துக்காரி; முப்பது வயதுகூட இருக்காது. கர்வமாக இருப்பாள் என்று ஒரு வருஷமாகக் கற்பனை செய்து வைத்திருந்தான். அழுது முடித்த முகத்தோடு, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போகிற பழக்கம் தன் தப்புதான் என்று ஒத்துக்கொண்டாள். அந்த வரிகளைத் தான் எழுதவில்லை என்பதில் மட்டும் அசையவில்லை. புதன்கிழமை மாலையே ஆபீசுக்கு வந்து, கிள்ளையில் கேபிள் மாறியிருந்ததையும் தான் நேர்செய்ததையும் எல்லார் முன்னாலும் சொன்னதாகச் சொன்னாள்.

வியாகுலமேரி அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது அருள் பிரகாஷ் இளவரசுவைத் தனியாக டீக்கு அழைத்துப் போனார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர். சத்யப்பிரியா வரும்வரை அந்த அறையும் சாவியும் அவரிடம்தான் இருந்தன. பாவம் அந்தப் பொண்ணு, வேலைப் பளுவில் எழுதிவிட்டு மறந்திருக்கும் என்று பரிதாபப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் வெச்ச பேர் எல்லாத்தையும் வந்த மாசமே அழிச்சுட்டா தம்பி. வடக்குக் குட்டை சென்சார், தெற்குக் குட்டை சென்சார்னு இருந்தா கொழந்தைக்கும் புரியும். அது தப்பாம். உண்மையச் சொன்னா அந்த சேர்ல நீங்கதான் உக்காந்திருக்கணும்."

இந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இளவரசு ஒரு வருஷமாக ஏங்கியிருந்தான். டீ அமிர்தமாக இறங்கியது. பாதி டம்ளர் காலியானபோதுதான் அவர் சொன்னதன் முழு அர்த்தமும் உறைத்தது. அவருடைய முகத்தைப் பார்த்தான். அந்தப் பரிதாபத்துக்குப் பின்னால் இருந்தது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. காலையிலிருந்து அதையேதான் அவனும் சுமந்துகொண்டிருந்தான். மீதி டீயை அவனால் குடிக்க முடியவில்லை.

மாலை நெருங்கியபோது வியாகுலமேரி எல்லாரையும் ஜெனிஃபரின் அறையில் உட்காரச் சொன்னார். சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் என்று ஜெனிஃபர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலகுமார் கதவோரம் நின்றான். சத்யப்பிரியா கைப்பையை மடியில் வைத்திருந்தாள். போகத் தயாராகிவிட்டவள் மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றார் வியாகுலமேரி. "இளவரசு, கோப்பு மாறினது சனிக்கிழமை. இறால் செத்தது வியாழக்கிழமை. நடுவுல இருந்த நாள்ல பெட்டி ஒழுங்கா வேலை செஞ்சுதா?"

அறையில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. பதிவு பெட்டியில் கிடக்கும். யாரும் தோண்டப் போவதில்லை. அவள் கைப்பையோடு படியிறங்கிப் போவாள். அந்த நாற்காலி காலியாகும். அருள் பிரகாஷ் அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"செஞ்சுது மேடம்," என்றான் இளவரசு. குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "புதன் வரைக்கும் எந்தக் குட்டையில ஆக்சிஜன் குறைஞ்சுதோ, அந்தக் குட்டை ஏரேட்டர்தான் ஓடியிருக்குது. ஓடினதும் அளவு ஏறியிருக்குது. ஏரேட்டர் மாறி ஓடியிருந்தா ஏறாது. வியாழக்கிழமைதான் ஏறல."

வியாகுலமேரி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கதை நேராயிடுச்சு. பேரு மாறின பெறகும் பெட்டி சரியா ஓடியிருக்குதுன்னா, அப்ப கேபிளும் மாறித்தான் இருந்திருக்குது. ரெண்டும் மாறினதால கணக்கு சரியாப் போச்சு. சத்யப்பிரியா கேபிள நேர்படுத்தினாங்க. பேரு மாறினபடியே நின்னுடுச்சு. அன்னிக்கு ராத்திரியே தப்பு வேலை காட்டிடுச்சு. கேபிளு மாறியிருக்குதுன்னு சனிக்கிழமையே தெரிஞ்ச ஒருத்தர்தான் பேர மாத்தினது."

"அது இவுங்களாவே இருக்கலாமே?" என்றார் ஜெனிஃபர்.

"பேர மாத்திச் சரிபண்ணினவங்க, அதையே மறுபடி சரிபண்ண எதுக்கு இடுப்பளவு சேத்துல எறங்கணும்? எறங்கினதுல இருந்தே தெரியுது, அவுங்களுக்குப் பேரு மாறினது தெரியாது. சனிக்கிழமை அந்தக் கேபிள மாட்டினது பாலகுமார். தப்பா மாட்டிட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அவரு கிள்ளையில இருந்தாரு. பேர மாத்தினது இங்க இருக்கிற கம்ப்யூட்டர். யாருக்கு ஃபோன் பண்ணீங்க பாலகுமார்?"

பாலகுமார் தரையைப் பார்த்தான். வேலையை முடித்துக் கரையேறிய பிறகுதான் சிவப்பு டேப் இடம் மாறியிருப்பதைக் கவனித்ததாகவும், மழை பிடித்துக்கொண்டதாகவும் முணுமுணுத்தான். சத்யப்பிரியா மேடத்திடம் சொன்னால் மறுபடி சேற்றில் இறங்கச் சொல்வார்கள் என்று பயம்.

"மாமாவுக்குத்தான் பண்ணேன்," என்றான் கடைசியில். "நீ கெளம்பி வா, நான் இங்கருந்தே பேர மாத்திடுறேன்னு சொன்னாரு. எறால் செத்தப்புறம் கேட்டதுக்கு, வாயத் தொறந்தா உன் வேலதான் போவும்னாரு."

அவன் மாமா என்றது அருள் பிரகாஷை. வியாகுலமேரி தொடர்ந்தார். மாற்றிய வரிகளைச் சத்யப்பிரியா தனக்குக் காட்டினார்; அவற்றில் பாகத்துக்கே குட்டையின் பெயர் வைத்திருப்பதை இளவரசுவும் பார்த்திருப்பார். அப்படிப் பெயர் வைக்கிற பழக்கம் இங்கே யாருடையது என்று அவரே சொல்லட்டும் என்றார். இளவரசு சொன்னான். டீக்கடையில் கேட்டதையும் சொன்னான்.

"பேர மாத்தினது பெரிய குத்தமில்ல அருள் சார்," என்றார் வியாகுலமேரி. "அன்னிக்கு அது கம்பெனிக்கு உதவிதான். புதன்கிழமை சாயங்காலம் இவுங்க வந்து, கேபிள நேர்படுத்திட்டேன்னு சொன்னப்ப நீங்க இங்கதான இருந்தீங்க?"

அருள் பிரகாஷ் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். எனக்கும் தெரியும். எல்லாரும் அவளச் சுத்தி நின்னு, சேத்துல எறங்கின தலைமை இன்ஜினியர்னு பாராட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வாய் வரல. காலையில ஏரேட்டர் மாறி ஓடும், சுப்பராயலு நாலு பேச்சு பேசுவாரு, அவ மொகம் சுருங்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன். மொத்தமும் சாவும்னு நெனக்கல."

சத்யப்பிரியா கைப்பையைத் தரையில் வைத்தாள். ஜெனிஃபர் சங்கத்துக்கு ஃபோன் போட வெளியே போனார். பாலகுமார் அழுதான்.

எல்லாரும் கலைந்த பிறகு சத்யப்பிரியா இளவரசுவிடம் வந்தாள். பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி என்றாள். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த நன்றி அவன் கையில் சுட்டது.

"காலையிலேயே பார்த்துட்டேன்," என்றான். "மேடம் கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். நீங்க போகணும்னு நெனச்சேன். இந்த வேலைக்கு நானும் வந்திருந்தேன்."

அவள் முகம் மாறியது. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தன் அறைக்குப் போனாள். கிள்ளையில் மிச்சமிருக்கிற குட்டையையாவது இன்று இரவு காப்பாற்ற வேண்டுமே.

திறந்திருந்த கதவு வழியாக இளவரசு பார்த்தான். அவள் இரண்டு சென்சாருக்கும் பழையபடி பெயர் எழுதினாள்: பொருள், முகவரி, கீழே தனி வரியில் குட்டை. கை தயங்கவே இல்லை. அனுப்புவதற்கு முன் கிள்ளைக்கு ஃபோன் போட்டு, தெற்குச் சென்சாரைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கச் சொல்லி, திரையில் எந்த அளவு ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டாள். அவனாக இருந்தால் அந்தக் கடைசிச் சோதனை தோன்றியிருக்காது. அவனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. காலையில் எரிந்ததற்குக் கொஞ்சமும் குறையவில்லை.

வியாகுலமேரி பக்கத்தில் வந்து நின்று, அறிக்கையில் தலைமை இன்ஜினியரைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

"அந்த வேலைக்கு அவுங்கதான் சரியான ஆளுன்னு எழுதுங்க மேடம்," என்றான் இளவரசு.